பழைய கட்டடத்தைக் காப்பாற்றிக்கொண்டே உயரமான கட்டடங்களுக்கும் ஒரு நகரம் இடம் கொடுக்க முடியுமா?

முடியும். டோக்கியோ ரயில் நிலையத்தைப் பாருங்கள். 1914இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1945 குண்டுவீச்சில் குவிமாடங்களையும் மூன்றாம் தளத்தையும் இழந்தது. விதிப்படி அந்த மனையில் இன்னும் எவ்வளவோ உயரம் கட்டலாம். அப்படிக் கட்டாமல், மிச்சமிருந்த தளப்பரப்பு உரிமையை, அதாவது இன்னும் இவ்வளவு பரப்பு கட்டலாம் என்ற அனுமதியை, அக்கம்பக்கத்து மனைகளுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் வழக்கமான வரம்பைத் தாண்டிக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் 2012இல் குவிமாடங்கள் திரும்ப எழுந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது அடியில் நடந்த வேலைதான். கட்டடத்தைத் தாங்கிப் பிடித்தபடியே கீழே தோண்டி, ரப்பர் தாங்கிகளை வைத்தார்கள். நிலநடுக்கத்தில் தரை ஆடினாலும் அந்த ஆட்டம் செங்கல் சுவருக்கு அவ்வளவாக ஏறாது.

சரி, உள்ளே? காட்சிப்பொருளாகப் பூட்டி வைக்கவில்லை. ரயில் நிலையமும், 1915இல் தொடங்கிய ஓட்டலும் இன்றும் அங்கேதான் நடக்கின்றன.