லோகோவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள்

கேள்வி: நான் ஒரு நடுத்தர நகரத்தின் வர்த்தகச் சங்கச் செயலாளர். ஊருக்குப் புதிய தொழில்கள் வருவதே இல்லை. நகராட்சியும் நாங்களும் சேர்ந்து ஒரு நிதி ஒதுக்கியிருக்கிறோம். லோகோ, விளம்பரப் படம், சர்வதேச விருது, முதலீட்டாளர் மாநாடு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் செய்து தருவதாக ஓர் ஆலோசனை நிறுவனம் சொல்கிறது. பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தத் தொகுப்பில் உங்களுக்கு இப்போது தேவைப்படுவது ஒன்றுகூட இல்லை.

ஒரு நிறுவனம் இடம் தேடும்போது செய்வது தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை, கழிக்கும் வேலை. முப்பது நாற்பது ஊர்களின் பெயரை எழுதிக்கொண்டு உட்காருவார்கள். இங்கே மின்சாரம் போதாது, அங்கே நிலத்தில் வழக்கு, இது துறைமுகத்திலிருந்து தூரம் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிஞ்சும் மூன்று நான்கு ஊர்களுக்குத்தான் நேரில் வருவார்கள். உங்கள் ஊர் அடிபட்டது உங்கள் காதுக்கு வரவே வராது. இத்தனைக்கும் குறை இருந்துதான் அடிபட வேண்டும் என்பதில்லை. தகவல் கிடைக்காமல் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தாலே போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக ஆறு நகரங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். மொத்தம் நான்கு வரி. இருபது ஏக்கர், மூன்று மெகாவாட் மின்சாரம், நானூறு பேர் வேலைக்கு, பதினெட்டு மாதத்தில் உற்பத்தி, உங்களால் முடியுமா? ஒரு நகரத்திலிருந்து நான்காம் நாள் இரண்டு பக்கப் பதில் வந்தது. காலியாக உள்ள மனைகள், அவற்றின் உரிமையாளர் யார், அருகிலுள்ள துணை மின் நிலையத்தில் மிச்சம் எவ்வளவு, கடைசியாக வெள்ளம் புகுந்த ஆண்டு, தொழிற்பயிற்சி முடித்து வருடத்துக்கு எத்தனை பேர் வெளியே வருகிறார்கள், எல்லாம் இருந்தது. "கழிவுநீர்க் குழாய் இன்னும் இந்த மனைவரை வரவில்லை, பதினோரு மாதம் ஆகும்" என்றும் எழுதியிருந்தார்கள். இன்னொரு நகரத்திலிருந்து மூன்று வாரம் கழித்து அறுபது பக்க வண்ணப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் மேயரின் வாழ்த்துரை. நான் கேட்ட நாலு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. குழாய் இல்லை என்று எழுதிய ஊருக்குத்தான் முதலில் போனோம். உள்ளதை உள்ளபடி சொன்னவர் பிறகும் சொல்வார் என்ற நம்பிக்கைதான் காரணம்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. உலக வங்கிக் குழுமம் முதலீட்டாளர் போல விசாரணைக் கடிதம் அனுப்பி, நாடுகளின் முதலீட்டு ஊக்குவிப்பு அமைப்புகளைச் சோதித்துப் பார்த்தது. 2009இல் வந்த அதன் அறிக்கையைப் படித்தால் வருத்தமாக இருக்கும். பெரும்பாலான அமைப்புகள் விசாரணைக்கு ஒழுங்கான பதிலே தரவில்லை. விளம்பரத்துக்குப் பணம் இருந்தது, பதில் எழுத ஆள் இல்லை.

அமேசான் நிறுவனம் 2017இல் தன் இரண்டாம் தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 முன்மொழிவுகள் குவிந்தன. அமெரிக்காவின் டூசான் நகரத்தார் 21 அடி உயரக் கள்ளிச்செடி ஒன்றைப் பரிசாக அனுப்பிவைத்தார்கள். நிறுவனம் அதை ஏற்காமல் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. வர்ஜீனியா மாநிலம் தேர்வானது. சலுகைகளை அவர்களும் கொடுத்தார்கள்தான். ஆனால் அவர்கள் முன்மொழிவில் முக்கிய இடம் பிடித்தது, கணினிப் பட்டதாரிகளைக் கூடுதலாக உருவாக்கும் திட்டம். ஆள் கிடைப்பாரா என்ற கவலைக்கு அது நேரான பதில்.

அப்புறம் அந்த விருது. நுழைவுக் கட்டணம், விழாவில் உட்கார மேசைக் கட்டணம், கோப்பையோடு படம் எடுக்கத் தனிக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு கொடுக்கும் விருதுகளை இடம் தேடுகிறவர்கள் யாரும் மதிப்பதில்லை. தரவரிசையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தொழில் செய்ய எளிதான நாடுகள் என்று உலக வங்கி வெளியிட்டு வந்த புகழ்பெற்ற பட்டியலே, தரவுகளில் முறைகேடு தெரியவந்ததால் 2021இல் நிறுத்தப்பட்டது.

இதைவிட ஆபத்து தரகர். "பெரிய கம்பெனி ஒன்று என் கையில் இருக்கிறது, பெயரை இப்போது சொல்ல முடியாது" என்பார். உங்களிடம் ஒரு கமிஷன், அந்தப் பக்கம் ஒரு கமிஷன். இடையில் எந்த நிலம் என்று தெரிந்தவுடன் தன் ஆட்களை வைத்து அதைச் சுற்றி வாங்கிப் போடுவார். விலை ஏறும், வர இருந்த நிறுவனம் திரும்பிப் போகும், தரகருக்கு மட்டும் லாபம். எழுத்தில் அதிகாரக் கடிதம் காட்டாத எவரிடமும் மனை விவரத்தைக் கொடுக்காதீர்கள்.

மாநாடும் வேண்டாம். மேடையில் கையெழுத்தாகும் புரிந்துணர்வு ஒப்பந்தம் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. முழு ஒப்பந்தமே போட்டும் தடம் புரண்ட கதை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மின்னணுப் பொருள் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2017இல் 13,000 வேலை என்றது. 2021இல் திருத்திய ஒப்பந்தத்தில் அது 1,454 ஆனது. அதற்குள் நிலம் எடுத்து, குடியிருந்தவர்களையும் கிளப்பியாகிவிட்டது. ஆனாலும் அதிகாரிகளுக்கு மேடையில் அறிவிக்கும் தொகைதான் வேண்டும். எல்லா அனுமதியும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஒற்றைச் சாளரம் என்று பலகை மாட்டுவார்கள். பின்னாலிருக்கும் பதினான்கு மேசைகளில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டார்கள். இருபது வருடமாகப் பார்க்கிறேன், சலித்துவிட்டது.

சரி, விளம்பரம் எந்த ஊருக்குமே உதவாதா? ஒரே ஒரு நிலையில் உதவும். ஊருக்குப் பழைய கெட்ட பெயர் இருந்து, ஊர் மாறிய பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகாமல் இருந்தால். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவை வன்முறையும் வறுமையும் நிறைந்த ஊராகவே உலகம் நினைத்தது. 1983இல் மஞ்சள் நிறச் சிரிப்பு முகத்தோடு ஒரு விளம்பரத்தைத் தொடங்கினார்கள். அது எடுபட்டது. ஆனால் அதற்கு முன்பே கரி படிந்த பழைய கல் கட்டடங்களைக் கழுவிச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். அதே ஆண்டு பர்ரெல் கலைக்கூடம் திறந்தது. 1988இல் தோட்டத் திருவிழா, 1990இல் ஐரோப்பியக் கலாச்சார நகரம் என்று தொடர்ந்தார்கள். விளம்பரத்தை நம்பி வந்து பார்த்தவருக்குக் காட்ட ஏதோ இருந்தது. முதலில் மாற்றம், பிறகு விளம்பரம், அதன் பின்னும் வேலை நிற்கக் கூடாது. இந்த வரிசையில் ஒன்று தப்பினாலும் பணம் வீண். உங்கள் ஊருக்குக் கெட்ட பெயர் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஊரையே யாருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை என்றால் கிளாஸ்கோவின் வழி உங்களுக்குப் பொருந்தாது.

அந்த நிதியில் ஒரே ஒருவரை முழுநேர வேலைக்கு வையுங்கள். முதல் மூன்று மாதம் அவர் வெளியூருக்கே போக வேண்டாம். ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஆலைகளின் மேலாளர்களைப் பார்க்கட்டும். ஓர் ஆலையில் அரை நொடி மின்னழுத்தம் இறங்கினாலே இயந்திரம் நின்று, உள்ளிருந்த சரக்கு முழுவதும் பாழாகும். அந்த மேலாளர் இரண்டு வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருப்பார். அதைச் சரிசெய்து கொடுங்கள். இடம் தேடி வருகிற எந்த நிறுவனமும் இரகசியமாகப் போன் போட்டு விசாரிப்பது அவரிடம்தான்.

அதோடு ஒவ்வொரு மனைக்கும் ஒரு பக்கத் தகவல் தயாராகட்டும். முடிந்ததும், வெளியூர் நண்பர் ஒருவரைவிட்டு உங்கள் நகராட்சிக்கு மேலே சொன்ன நாலு வரிக் கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். பதில் எத்தனையாவது நாள் வருகிறது, யார் கையெழுத்தில் வருகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.