எம்டனுக்குத் துரு ஏற்ற எத்தனை நாள்?

கேள்வி: 1914-இல் சென்னை மீது குண்டு வீசிய எம்டன் கப்பலின் 1:350 அளவு மாதிரியை ஒட்டி முடித்துவிட்டேன். வண்ணம் பூசி, கடலில் அடிபட்ட தோற்றமும் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமா? – வாசகர், திருமங்கலம்.

பதில்: போதாது. பூசும் நேரம் குறைவு; காயவிட்டுக் காத்திருக்கும் நேரமே அதிகம். அக்ரிலிக் பூச்சு நம் மதுரை வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், அடுத்த நிறம் பூச அதன்மேல் மறைப்பு டேப் ஒட்டுவதற்கு முன் ஓர் இரவாவது விட்டுவையுங்கள். எனாமல் என்றால் ஒரு முழு நாளுக்குக் குறையக் கூடாது. சித்திரை மாத நண்பகலில், காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷை எடுக்கவே வேண்டாம். வண்ணம் முனையிலேயே உலர்ந்து அடைத்துக்கொள்ளும். விடியற்காலையே உகந்தது.

துரு ஏற்றுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அக்ரிலிக் பூச்சைப் பளபளப்பு வார்னிஷால் மூடி, அது நன்கு காய்ந்தபின், நங்கூரத் துளையின் கீழே பழுப்பு ஆயில் கலரில் ஒரு சிறு புள்ளி வைத்து, ஒயிட் ஸ்பிரிட்டில் (ஆயில் கலரைக் கரைக்கும் திரவம்) நனைத்துத் துடைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் கோடு என்பது உண்மைக் கப்பலில் 35 சென்டிமீட்டர் பட்டை என்பதை நினைத்தால் கை தானாக அடங்கும். ஆயில் கலர் காயச் சில நாள் பிடிக்கும். அதன் பிறகே பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். ஞாயிறு மட்டுமே ஓய்வு என்றால் ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

இன்னொன்று: ஜூலை இறுதியில் சீனக் கடற்கரையில் உள்ள சிங்தாவிலிருந்து கிளம்பிய எம்டன், செப்டம்பர் 22-இல் சென்னைக்கு வந்துவிட்டது. இரண்டு மாதம்கூட ஆகாத அந்தப் பயணத்துக்கு, உடைக்கப் போகும் கப்பலைப் போல் உடலெங்கும் துரு பூசினால் பொருந்தாது.