காலி ஸ்லாட்டில் இந்த ரேம் வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நண்பர் கழற்றிக் கொடுத்த 8 ஜிபி ரேம் கையில் இருக்கிறது, மதர்போர்டில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது, செருகிப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் அந்த ரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

ரேமின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். டிடிஆர் என்பது ரேமின் வகை, அதன் பின்னால் வரும் எண் தலைமுறை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின் (அடியில் வரிசையாக இருக்கும் உலோகத் தொடுமுனைகள்). டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. அதனால் தலைமுறை மாறினால் உள்ளே இறங்காது, அழுத்திப் பார்க்கவே வேண்டாம். லேப்டாப் ரேம் நீளத்தில் குட்டை, பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் உள்ளே இறங்கிவிட்டாலே வேலை செய்யும் என்று நம்பிவிடக்கூடாது. நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். என் டிடிஆர்4 போர்டுக்குப் பழைய 16 ஜிபி ரேம் ஒன்று வாங்கினேன். அழகாகப் பொருந்தியது, க்ளிப்பும் டக்கென்று பூட்டியது. பவர் போட்டால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. மானிட்டர் கேபிள், பவர் சப்ளை என்று இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஸ்டிக்கரைப் பார்த்தால் பிசி4-2400டி-ஆர் என்று ஆரம்பித்தது (பிசி4 என்றால் டிடிஆர்4, பிசி3 என்றால் டிடிஆர்3). அந்த 'ஆர்' தான் விஷயம். ரெஜிஸ்டர்டு ரேம், அதாவது சர்வருக்கானது. சாதாரண டெஸ்க்டாப் போர்டு அதை ஏற்காது. நமக்கு வேண்டியது அந்த இடத்தில் 'யு' என்று இருப்பது. 'எஸ்' என்றால் லேப்டாப் ரேம்.

அதே வரியில் வேகமும் இருக்கிறது. பிசி4-2400 என்றால் நேராக 2400. சிலவற்றில் பிசி3-12800 என்று பெரிய எண் போட்டிருப்பார்கள். அதை 8 ஆல் வகுத்தால் 1600 வரும், அதுதான் வேகம். பிசி3எல் என்று எல் சேர்ந்திருந்தால் அது 1.35 வோல்ட்டிலும் ஓடும். எல் இல்லாத டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட் வேண்டும். இரண்டு ரேமின் வேகமும் வேறு வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம், பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும்.

அப்புறம் போர்டு பக்கம். அதன் மாடல் பெயர் போர்டிலேயே அச்சாகியிருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலைத் தேடி, எந்தத் தலைமுறை, ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். உதாரணமாக, இன்டெலின் ஹெச்81 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள போர்டுகளில் இரண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி. ப்ராசசரை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள்: இன்டெல் 12ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசருக்கு டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுமே ஒத்துவரும், ஆனால் போர்டில் எந்த ஸ்லாட் வைத்திருக்கிறார்களோ அதுதான். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) என்றால் டிடிஆர்5 மட்டும். பரிசோதித்த ரேம்களின் பட்டியலும் அந்தத் தளத்தில் இருக்கும். உங்களுடையது அதில் இல்லாவிட்டால் ஒதுக்கிவிட வேண்டாம், அவர்கள் எல்லா ரேமையும் சோதிப்பதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் பவர் கேபிளைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) 8 ஜிபி கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதிக்கும் மென்பொருளை ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் புது ரேமை மட்டும் தனியாகப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கெட்ட ரேம் கணினியை நிறுத்துவதோடு விடாது, சேமிக்கும் கோப்புகளையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.