பார்சல் டெலிவரியை விட்டு நெடுந்தூர டிரெய்லர் ஓட்டப் போகலாமா?

அமெரிக்காவில் மூன்று வருடமாக வேனில் பார்சல் போடுகிறேன், கிளாஸ் ஏ உரிமம் எடுத்து 53 அடி டிரெய்லருக்கு மாறலாமா, இதுவரை ஓட்டிய அனுபவம் கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அதே வழியில் வந்தவன். ஐந்து வருடம் பார்சல், இப்போது நாலாவது வருடமாக டிரெய்லர். தாராளமாக மாறலாம். ஆனால் பார்சலில் உங்களைக் கெட்டிக்காரன் என்று பெயர் எடுக்க வைத்த அந்த வேகம்தான் இங்கே உங்களைக் கவிழ்க்கும்.

உங்கள் நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். 170 வீடு. இறங்கு, ஓடு, வை, படம் எடு, ஏறு. பெல்ட் மாட்டுவதற்குள் ஸ்கேனர் அடுத்த முகவரியைக் காட்டும். ராத்திரி படுத்தால் வலது முழங்கால் குடையும். வீட்டுக்கு 20 விநாடி மிச்சம் பிடித்தால் சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னால் முடிக்கலாம் என்ற கணக்கு உடம்பிலேயே ஏறியிருக்கும். எனக்கும் ஏறியிருந்தது.

உரிமம் பெரிய மலை இல்லை. 2022 பிப்ரவரி 7 முதல், பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் படித்தால்தான் தேர்வுக்கே விடுவார்கள். கற்றல் அனுமதி கையில் வந்து 14 நாள் கழிய வேண்டும். பயிற்சியில் ஏர் பிரேக் சோதனையை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் படித்துக்கொள்ளுங்கள். இன்ஜினை அணைத்து, பிரேக்கை மிதித்துப் பிடித்தால், டிரெய்லரோடு சேர்த்து ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. இன்னொன்று, ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு கொடுத்தால் கியர் வண்டி ஓட்டக் கூடாது என்று உரிமத்திலேயே போட்டுவிடுவார்கள்.

இனி என் கதை. தனியாக ஓட்ட ஆரம்பித்து மூன்றாவது மாதம். நெப்ராஸ்காவில் ஒரு யார்டு, ராத்திரி, நல்ல குளிர். நிறுத்தி வைத்திருந்த டிரெய்லரை எடுக்க வேண்டும். முன்பு விட்டுப் போனவர் அதைக் கொஞ்சம் உயரமாக நிறுத்தியிருந்தார். வண்டியைப் பின்னால் எடுத்தேன், 'டக்' என்று சத்தம் கேட்டது, மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். இழுத்துப் பார்க்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து, கிங்பின்னை (டிரெய்லர் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளை) என் வண்டியின் பூட்டுத் தாடை பிடித்திருக்கிறதா, ஃபிஃப்த் வீலுக்கும் (அந்தத் தாடை இருக்கும் தட்டு) டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவில்லை. காற்றுக் குழாய்களை மாட்டி, டிரெய்லரின் தாங்கு கால்களை ஏற்றி, கிளம்பினேன்.

கிங்பின் தாடைக்குள் இறங்கவே இல்லை, மேலே உட்கார்ந்திருந்தது. பத்தடி போயிருப்பேன். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம், வண்டியே துள்ளியது. டிரெய்லரின் மூக்கு என் சேசிஸ் மேல் சாய்ந்து கிடந்தது. சிவப்புக் குழாய் அறுந்து காற்று சீறிக்கொண்டிருந்தது. அது அறுந்ததில் டிரெய்லர் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டது. சாலையில் நடந்திருந்தால் என்ற நினைப்பில் எனக்குக் கை நடுங்கியது. பின்னால் ஒரு குடும்பம் காரில் வந்திருக்கலாம். தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று என் பெயரில் எழுதினார்கள். அது நியாயம்தான். உயரமாக நிறுத்தியவர் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை, இறங்கிப் பார்க்க வேண்டியவன் நான்.

முழுச் சுமையில் வண்டி 80,000 பவுண்டு. 55 மைல் வேகத்தில், காய்ந்த சாலையில், ஆபத்தைக் கண்டு நிறுத்தி முடிப்பதற்குள் 419 அடி போய்விடும் என்று உரிமக் கையேட்டிலேயே இருக்கிறது. வேன் பழக்கத்தில் முன்வண்டியை ஒட்டிப் போகவே கூடாது.

சம்பளம் பெரும்பாலும் மைலுக்குத்தான். சக்கரம் சுற்றினால்தான் காசு. ஒரு ஷிஃப்டில் 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். கிடங்கில் ஐந்து மணி நேரம் காக்க வைத்தாலும் அந்தக் 14 மணி நேரக் கணக்கு சாதாரணமாக நிற்காது. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுபவருக்கு மத்தியச் சட்டப்படி ஓவர்டைமும் கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: வண்டியை எங்கே நிறுத்துவது? சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பெரிய நகரங்களைச் சுற்றி இடமே கிடைக்காது. 2009இல் தென் கரோலினாவில் ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் சரக்கு இறக்க வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டு, நிறுத்த இடமில்லாமல் மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க்கில் தங்கினார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்று கொள்ளையடித்தார்கள். அவர் மனைவி போராடி 2012இல், லாரி நிறுத்துமிடங்களுக்காக ஜேசன் சட்டம் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் நான் நெடுஞ்சாலை இறங்கும் வளைவின் ஓரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். நம் வீட்டுக்குச் சாமான் வேண்டும், அதைக் கொண்டு வருகிறவன் தூங்க இடம் வேண்டாமா?

பார்சல் வேலையைத் தாழ்த்திப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அந்தச் சம்பளத்தில்தான் என் குடும்பம் நிமிர்ந்தது. உறவுக்காரர்கள் "அமெரிக்கா போய் லாரி ஓட்டுறானா?" என்பதையும் நான் காதில் வாங்குவதில்லை.

உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் நேரே மூன்று வாரம் வெளியே போகும் வேலையில் சேராதீர்கள். பார்சல் கம்பெனிகளிலேயே லைன்ஹால் என்று ராத்திரி ஓட்டம் உண்டு. இங்கிருந்து அடுத்த ஹப் (பார்சல் பிரிக்கும் மையம்), அங்கே டிரெய்லர் மாற்றித் திரும்பினால் விடியும்போது வீடு. பெரும்பாலும் 28 அடி டிரெய்லர் இரண்டு கோத்து ஓட்ட வேண்டியிருக்கும், அதற்கான கூடுதல் அனுமதிக்கு ஒரு எழுத்துத் தேர்வுதான். உங்கள் மேனேஜரிடம் முதலில் அதைக் கேளுங்கள். கம்பெனி செலவில் பயிற்சி தருகிறோம் என்றால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற வரியைப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.