ஆஸ்திரேலியப் பழங்குடியினரே நடத்தும் சுற்றுலாவில் போனால் அனுபவம் வேறு மாதிரி இருக்குமா?

நான் போனது நிட்மிலுக் தேசியப் பூங்காவுக்கு. அதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆஸ்திரேலியாவின் வடகோடி நகரமான டார்வினிலிருந்து தெற்கே 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் கேத்தரின் ஊர். அங்கிருந்து இன்னும் 30 கிலோமீட்டர். மணற்பாறையை ஆறு அறுத்து உண்டாக்கிய 13 பள்ளத்தாக்குகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக.

உடம்பில் வெள்ளைக் கோடு, டிட்ஜெரிடூ என்னும் நீண்ட மரக்குழல், நடனம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். எங்கள் படகை ஓட்டியவர்கூட அந்த மண்ணின் பழங்குடியான ஜாவோய்ன் இனத்தவர் இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் படகு யாருடையது? அங்கேதான் விஷயம். கேத்தரின் ஊர்க்காரர்கள் பலரின் எதிர்ப்பைத் தாண்டி, 1989 செப்டம்பர் 10 அன்று இந்த நிலம் ஜாவோய்ன் மக்கள் கைக்குத் திரும்பியது. அவர்கள் வேலி போட்டு யாரையும் தடுக்கவில்லை. தேசியப் பூங்காவாகவே இருக்கட்டும் என்று அரசுக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். பூங்கா நிர்வாகக் குழுவில் அவர்களே பெரும்பான்மை. படகு, சிறு துடுப்புப்படகு வாடகை, தங்குமிடம் எல்லாம் நடத்தும் நிட்மிலுக் டூர்ஸ் அவர்களின் சொந்த நிறுவனம்.

வித்தியாசம் எனக்கு உறைத்தது இரண்டாம் பள்ளத்தாக்கில். முதலாவதன் முடிவில் பாறைகள் மறிப்பதால் இறங்கி, பாறை ஓவியங்களைப் பார்த்தபடி நடந்து, அடுத்த படகில் ஏற வேண்டும். அங்கே தண்ணீர் கரும்பச்சை. அதன் ஆழத்தில் போலுங் என்னும் வானவில் பாம்பு குடியிருப்பதாக அவர்கள் நம்பிக்கை. அதைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஜாவோய்ன் மக்கள் அங்கே மீன் பிடிப்பதுமில்லை, தண்ணீர் குடிப்பதுமில்லை. நிட்மிலுக் என்ற பெயருக்கும் கதை உண்டு. நபிலில் என்ற ஆதி காலப் பயணி இங்கே தங்கியபோது சில்வண்டு 'நிட் நிட்' என்று கத்தக் கேட்டு வைத்த பெயராம். நான் போன அன்று ஒரு சில்வண்டும் வாய் திறக்கவில்லை.

சரி, போவதானால் மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். அக்டோபரில் வெயிலும் புழுக்கமும் ஆளைக் கொன்றுவிடும். துடுப்புப்படகு ஓட்ட ஆசை இருந்தால் ஜூனுக்குப் பிறகு. மழைக்கால வெள்ளத்தோடு உப்புநீர் முதலைகள் மேலே வந்துவிடும். அவை இல்லையென்று உறுதி செய்த பிறகுதான் படகை வாடகைக்குத் தருவார்கள். நன்னீர் முதலைகள் எப்போதும் உண்டு. அவை முட்டையிடும் மணல் திட்டுகளில் இறங்கக் கூடாது. நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு 62 கிலோமீட்டர் ஜாட்புலா பாதை இருக்கிறது. ஐந்தாறு நாள் ஆகும், ஒரே திசையில்தான் நடக்கலாம். முன்பதிவு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பொழுது சாய்ந்த பிறகு கார் ஓட்டாதீர்கள், வாலபிகள் (சிறு கங்காருக்கள்) குறுக்கே பாயும். பல பெட்டிகளை இழுத்துச் செல்லும் 50 மீட்டர் நீள லாரியான ரோட் டிரெயினை முந்துவதற்கு முன் எதிர்ப்பாதை வெகுதூரம் காலியா என்று பாருங்கள்.

அப்புறம், 'பழங்குடி' என்று பலகை வைத்ததெல்லாம் அவர்களுடையது அல்ல. டார்வினில் ஒரு கடையில் ஆசையாக பூமராங் வாங்கினேன். அறைக்கு வந்து திருப்பிப் பார்த்தால் இந்தோனேசியாவில் செய்தது! சுற்றுலா பதிவு செய்யும்போதும் உரிமையாளர் யார் என்று நேராகவே கேளுங்கள். உண்மையிலேயே அவர்களுடையது என்றால் மழுப்பாமல் சொல்வார்கள்.