கேலகரின் கிடார்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

போன கட்டுரையில் ஐரிஷ் ராக் கிடார்காரர் ரோரி கேலகரை அப்படிப் புகழ்ந்திருந்தீர்கள். நம்பி இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்கள் கேட்டேன். மோசமில்லை, ஆனால் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிடார்காரர் எரிக் கிளாப்டன் பக்கத்தில் உட்கார வைக்கிற அளவுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பெரிய ஹிட் பாட்டும் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு கூப்பிட்டும் போகவில்லையாமே, பிழைக்கத் தெரியாத ஆளோ?

க.

அன்புள்ள க.,

கேலகரை ஸ்டுடியோ ஆல்பத்தில் ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். அவர் மேடைக்காரர். 15 வயதிலேயே அயர்லாந்தில் ஒரு ஷோபேண்டில் சேர்ந்து, நடன அரங்குகளில் ஊரார் ஹிட் பாடல்களை வாசித்து வளர்ந்தவர். எதிரே ஆட்கள் இருந்தால்தான் அவருக்குக் கை ஓடும். ஸ்டுடியோவில் திருப்தியே வராது. எழுபதுகளின் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ போய்ப் பதிவுசெய்த ஒரு முழு ஆல்பத்தையே பிடிக்கவில்லை என்று தூக்கிப்போட்டார். அதனால் நீங்கள் கேட்கவேண்டியது 'ஐரிஷ் டூர் '74'. பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் கச்சேரிகளில் பதிவானது. குண்டுவெடிப்புக்குப் பயந்து வெளியூர்க் குழுக்கள் பெரும்பாலும் பெல்ஃபாஸ்டைத் தவிர்த்த காலம் அது, இவர் தவிர்க்கவில்லை.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். 1963-ல் கார்க் கடையொன்றில் 100 பவுண்டுக்குக் கடனில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிடார், ஒரு வாக்ஸ் ஏசி30 ஆம்ப் (ஒலிபெருக்கி), இரண்டுக்கும் நடுவில் ஒரு டிரெபிள் பூஸ்டர், அதாவது கீச்சு ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டி. ஆரம்பகாலத்தில் சாமான் கிட்டத்தட்ட இவ்வளவுதான். மீதியெல்லாம் விரலில். ஆம்பை நன்றாக ஏற்றி வைத்துவிட்டு, வாசிக்கும்போதே கிடாரின் வால்யூம் குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பார். குறைத்தால் தெளிவான மணியோசை, கூட்டினால் அதே கம்பியில் கரகரப்பு. கம்பியை மீட்டும் பிக் என்ற சின்னத் தகட்டோடு கட்டைவிரல் ஓரமும் கம்பியில் உரச, சுரத்துக்கு மேலே திடீரென்று ஒரு கீச்சொலி கிளம்பும், பிஞ்ச் ஹார்மானிக் என்பார்கள். கிளாப்டன் வாசிப்பது எழுதிவைத்துப் படித்ததுபோல ஒழுங்காக வரும். இவர் வேகமாக ஓடிவந்து, சறுக்கி, சரி விழுந்துவிட்டார் என்று நாம் நினைக்கிற இடத்தில் காலை ஊன்றிக்கொள்வார். எனக்கு அந்தச் சறுக்கல்தான் பிடிக்கும், அதை நான் ஸ்டுடியோப் பதிவில் அதிகம் கேட்டதில்லை. அப்புறம், அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் மாண்டலினை எடுத்துத் தனியாளாக ஒரு பாட்டு வாசிப்பார், கூட்டம் கால் தட்டிக்கொண்டு கூடவே வரும்.

ஹிட் பாட்டு? சிங்கிள், அதாவது ஒரு பாட்டை மட்டும் தனி இசைத்தட்டாக வெளியிடுவதே அவருக்குப் பிடிக்காது, எப்படி வரும்?

ஸ்டோன்ஸ் விஷயத்தில் ஒரு திருத்தம். போகாமல் இல்லை, போனார். அவர்களுடைய கிடார்காரர் மிக் டெய்லர் விலகியதும், 1975 ஜனவரியில் ராட்டர்டாமில் அவர்களோடு சில இரவுகள் வாசித்தார். அவர்கள் முடிவு சொல்லவில்லை. இவருக்கு ஜப்பானில் கச்சேரித் தேதி குறித்தாகிவிட்டது, கிளம்பிவிட்டார். நல்லதுதான். இன்னொருவர் பாட்டுக்குப் பக்கவாட்டில் நின்று வாசித்திருந்தால் மூச்சு முட்டியிருக்கும்.

பிழைக்கத் தெரியாதவர் என்பதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். 1995-ல், கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு, 47 வயதில் போய்விட்டார். பெயிண்ட் முக்கால்வாசி உரிந்துபோன அந்த 100 பவுண்டு கிடார் 2024 அக்டோபரில் லண்டனில் ஏலம் போனது, கட்டணங்களோடு சேர்த்து 8,89,400 பவுண்டு. வாங்கியவர்கள் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

'ஐரிஷ் டூர்' கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் தட்டுப்படவில்லை என்றால் கிளாப்டனையே வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.