கொஞ்சம் கேளுங்கோ: ஒரு தமிழ் வாத்தியாரின் பதில்கள்

கேள்வி: தரம் 10 படிக்கும் என் மகள், 'எனக்குக் கொஞ்சம் தாருங்கள்' என்ற வசனத்தில் 'கொஞ்சம்' பெயரடை என்று எழுதினாள். ஆசிரியர் பிழை போட்டுவிட்டார். அது பெயரடைதானே?
- வாசகி, கோண்டாவில்

பதில்: பிழை போட்டது சரிதான், தங்கச்சி. ஆனால் ஏன் பிழை என்று கொப்பியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். சிவப்புப் பேனை வெறும் புள்ளடி போடுவதற்கு மட்டுமா?

அந்த வசனத்தில் 'கொஞ்சம்' பெயர். தரச்சொல்லிக் கேட்கும் பொருளே அதுதான். அது அடையாக நிற்க அங்கே வேறு பெயர் இல்லை. சந்தேகம் வந்தால் வேற்றுமை உருபை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'எனக்குக் கொஞ்சத்தைத் தாருங்கள்' என்றால் ஒட்டுகிறது. 'கொஞ்சம் பொறுங்கோ' என்பதை 'கொஞ்சத்தைப் பொறுங்கோ' என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். அது வினையடை. மகள் நினைத்த பெயரடை 'கொஞ்ச நேரம்', 'கொஞ்சப் பேர்' என்பவற்றில் இருக்கிறது. அங்கே கடைசி 'ம்' கெட்டு, வல்லினம் வந்தால் ஒற்றும் மிகுந்து, அடுத்த பெயரோடு சேர்ந்துவிடும். 'கொஞ்சம் பெரிய வீடு' என்றால் 'பெரிய' என்ற அடைக்கே இது அடை.

சிக்கல் வேறு இடத்தில். திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் 'கொஞ்சம் சூடான பால் தாங்கோ' என்கிறீர்கள். பால் கொஞ்சமா, சூடு கொஞ்சமா? பேசும்போது எங்கே நிறுத்துகிறோம் என்பது காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அந்த உதவி கிடையாது. பால்தான் கொஞ்சம் என்றால் 'சூடான பால் கொஞ்சம்' என்று பின்னால் போட்டுவிடுங்கள், தீர்ந்தது. அப்படிப் பின்னால் போனால் உருபும் கூடவே போகும்: 'கொஞ்சம் அரிசியைக் களைந்து வை', 'அரிசி கொஞ்சத்தைக் களைந்து வை'.

அப்புறம், 'கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்திவிடுங்கோ' என்கிறோமே, யாராவது கதவைக் கால்வாசி சாத்திவிட்டு நிற்கிறார்களா? அதில் அளவே இல்லை, மரியாதை மட்டும்தான். சோதனையில் வினையடை என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

கேள்வி: 'சில' எப்போதும் பெயரடையா, ஐயா?
- மாணவன், சாவகச்சேரி

பதில்: இல்லை, தம்பி. 'சில மாமரங்கள்' என்றால் பெயரடை. 649ஆவது குறளைப் பார்: 'பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்.' குற்றமில்லாத சில சொற்களால் சொல்லத் தெரியாதவரே பல சொல்ல ஆசைப்படுவர் என்கிறார். பின்னால் எந்தப் பெயரும் இல்லாமல் 'பல', 'சில' இரண்டும் தாமே பெயராக நிற்கின்றன. 'சிறிது' இன்னும் கெட்டிக்காரச் சொல். 'சிறிது நேரம்', 'சிறிது நடந்தான்' என்பவை போக, 102ஆவது குறளில் 'நன்றி சிறிதெனினும்' என்று பயனிலையாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனி: எண்ணக்கூடியதற்குத்தான் 'சில'. தண்ணீருக்குச் 'சிறிது'. ஆட்கள் என்றால் 'சிலர்'.

கேள்வி: 'ஒரு சொட்டும் விளங்கேல்லை' என்று என் பிள்ளைகள் பேசுவது கொச்சையா?
- வாசகர், நல்லூர்

பதில்: 'விளங்கேல்லை' நம் பேச்சு; வீட்டில் பேசட்டும், கட்டுரையில் 'விளங்கவில்லை' என்று எழுதட்டும். 'சொட்டும்' மேல் ஒரு குற்றமும் இல்லை. சிறிதும், சற்றும், துளியும், இம்மியும் என்று 'உம்' ஏறிவிட்டால் இந்தச் சொற்கள் எதிர்மறையைக் கேட்கும். 'சிறிதும் விளங்கியது' என்று சொல்ல நாக்கு மறுக்கிறது, பாருங்கள். இம்மி, பழைய கணக்கில் ஒரு பின்னம். 320இல் ஒரு பங்கான முந்திரியை விடவும் மிகச் சிறியது. சொட்டு என்பது நீர்ப்பொருளுக்கு உரியது. ஆனாலும் 'சொட்டுச் சோறு போடட்டோ?' என்று கேட்கிற வீட்டில், சோறு எப்படிச் சொட்டும் என்று நான் விவாதித்ததில்லை. கோப்பையை நீட்டிவிடுவேன்.

கேள்வி: 'சிலசில', 'சிற்சில', எது சரி?
- மாணவி, மானிப்பாய்

பதில்: இரண்டும் சரி, பிள்ளை. நன்னூல் 'சிலச்சில' என்பதையும் ஏற்கிறது. அதை மட்டும் சோதனைத் தாளில் எழுதித் திருத்துபவரின் பொறுமையைப் பார்க்க வேண்டாம்.